தையில் போடும் சித்திரைக் கணக்கு

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் அத்தை மோட்டாரைப் போட்டுவிட்டு, "வாளிய வைம்மா" என்று குரல் கொடுத்தார். 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் குழாய் வாயில் வைத்து செல்போனில் நொடி எண்ணினேன். வாளி நிரம்பி வழிந்தபோது 25 நொடி. இரண்டாம் முறை 24. மூன்றாம் முறை மறுபடி 25. தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அதை எழுதி வைக்கச் சொன்னார் அத்தை. விதைப் பொட்டலங்கள் எல்லாம் அதுவரை கட்டுப் பிரிக்காமல் திண்ணையில் கிடந்தன.

எங்கள் நிலம் பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம். 1 ஏக்கர் 4 குண்டே. அந்த 4 குண்டேயில் வீடு, போர்வெல், நாலு தென்னை, ஒரு மாட்டுக் கொட்டகை போக, பயிருக்கென்று சுத்தமாக ஒரு ஏக்கர், அதாவது 40 குண்டே. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். அதனால் எங்கள் வயலில் நாற்றுக்குத் தமிழ், பாத்திக்குக் கன்னடம், கூலிப் பேச்சுக்குத் தெலுங்கு என்று மூன்று பாஷையும் ஓடும். நான் வாரநாளில் பெங்களூர் அல்சூரில், சனி ஞாயிறு இங்கே. அத்தை எப்போதும் இங்கேதான்.

25 நொடிக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 2,880 லிட்டர். ஏழு மணி நேரம் கரண்ட் இருந்தால் 20,160 லிட்டர். தை மாசத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். தக்காளியை நாலடி வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒரு செடி என்று நட்டால் ஏக்கருக்கு 7,260 செடி பிடிக்கும். எங்கள் மண்ணில், சொட்டு நீரும் மூடாக்கும் இருந்தால், காய்க்கிற பருவத்தில் செடிக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர். 14,520 லிட்டர். 20,000 இருக்கிறதே, தாராளமாகப் போடலாம் என்று தோன்றும். 2024ல் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வருஷம் மாசி மாசத்தில் 30 குண்டேயில் 5,400 தக்காளி நட்டோம். நாற்று நல்ல நாற்று. வேர் பிடித்து, பங்குனிக் கடைசியில் இடுப்புயரம் வந்து, மஞ்சள் பூவாகப் பூத்து நின்றது. பெங்களூரில் ஏப்ரல் என்றால் ஒரு சாயங்காலமாவது இடியோடு மழை கொட்டும், மாம்பிஞ்சு உதிரும், மண் ஆறும். அந்த ஏப்ரலில் நகரத்தில் மழையே இல்லை. 28ம் தேதி வெயில் 38.5 டிகிரியைத் தொட்டது. 2016 ஏப்ரலின் 39.2க்குப் பிறகு இந்த ஊர் கண்ட பெரிய ஏப்ரல் வெயில் அது. பகல் வெயில் 35ஐத் தாண்டினாலே தக்காளி மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ பிஞ்சாகாமல் காம்போடு கழன்று விழும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் போர்வெல். ஒன்றரை மணி நேரம் ஓடினதும் குழாய் காற்றை இழுத்துச் செருமும். மோட்டாரை நிறுத்தி, ஊறவிட்டு, மறுபடி போட வேண்டும். நகரத்தில் குடத்தோடு டேங்கருக்கு நின்ற அதே வாரங்கள். தக்காளிக்கு டேங்கர் வாங்க எங்களுக்கு மனசும் வரவில்லை, காசும் இல்லை.

அப்போது அத்தை செய்ததை நான் மறக்கவில்லை. ஒரு நாள் விடிகாலையில் வரிசை வரிசையாக நடந்து, லேட்டரல் குழாயின் (வரிசைக்கு ஒன்றாக ஓடும் சொட்டுநீர்க் குழாய்) முனையிலிருக்கும் வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். மேட்டுப்பக்கம் முழுக்க மூடினார். பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் விட்டார். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று செடியைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானித்தார். 5,400ல் 2,000 செடிக்கு மட்டும் தண்ணீர் என்று ஆனது. மூடிய வரிசைகள் நாலே நாளில் சுருண்டன. காய்ந்த செடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சுகள் தொங்கின. அந்தச் செடிகளுக்கு ஊற்றிய மாசித் தண்ணீரும் பங்குனித் தண்ணீரும் அப்படியே வீண். அதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. செத்த 3,400 செடிக்குப் போன தண்ணீர் முன்னாலேயே மிச்சமாகியிருந்தால் இருந்த 2,000மும் நன்றாகக் காய்த்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் வாளி வந்தது. தையில் ஒரு தரம், மாசியில் ஒரு தரம், பங்குனியில், சித்திரையில் என்று ஒவ்வொரு மாசமும் நொடி எண்ணி எழுதுகிறோம். போன சித்திரையில் அதே வாளி நிரம்ப 50 நொடி ஆனது. அதுவும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. மணிக்கு 1,440, நாலு மணிக்கு 5,760 லிட்டர். தையில் நாற்றுக்கு ஆர்டர் கொடுக்கும்போது எங்களுக்கு முக்கியம் இந்த 5,760தான். கண் முன்னால் கொட்டுகிற 20,000 தைக்கும் மாசிக்கும் உரியது. செடி அதிகம் குடிக்கிற நாளில் அது இருக்காது. சிறு விவசாயி தைப்பட்டத்தில் செய்கிற பெரிய தப்பு, தைத் தண்ணீரைப் பார்த்துச் சித்திரைக்குச் செடி நடுவது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

விதைப் பொட்டலத்தில் 'வசந்த காலம்' என்று எழுதியிருக்கும். செல்போனில் சுற்றி வரும் விதைப்பு அட்டவணைகளிலும் அப்படித்தான். பெரும்பாலும் அது வடக்கே உள்ள கணக்கு. டெல்லி பக்கம் டிசம்பர், ஜனவரி குளிரில் சுரையும் பாகலும் முளைக்கவே முளைக்காது. பாலிதீன் கூடாரத்துக்குள் பையில் நாற்று விட்டு, குளிர் விலகும் பிப்ரவரிக் கடைசியில் நடுவார்கள். அங்கே தேதியைத் தீர்மானிப்பது பனி. இங்கே பெங்களூரில் உறைபனி கிடையாது. இங்கே தேதியைத் தீர்மானிப்பது பின்னால் வரப்போகிற வெயிலும் கிணறும். தமிழில் நாம் மாசி, பங்குனியைப் பின்பனி என்கிறோம், சித்திரை, வைகாசியை இளவேனில் என்கிறோம். இந்த ஊருக்கு அது அச்சாகப் பொருந்தும். மாசி பாதி வரை விடிகாலையில் சால்வை இல்லாமல் வயலில் நிற்க முடியாது.

அந்தக் குளிருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜனவரி ராத்திரியில் இங்கே 15, 16 டிகிரி. தக்காளி, முட்டைக்கோஸ் எப்படியோ முளைத்துவிடும். வெண்டையும் பாகலும் மண்ணுக்குள் சும்மா கிடந்து அழுகும். அத்தை பாகல் விதையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்பங்கரையில் ராகி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைப்பார். மூன்றாம் நாள் பிரித்தால் விதையின் மூக்கில் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் குழித்தட்டில் போவது. வெண்டைக்கு ஒரு ராத்திரி ஊறினால் போதும். தக்காளி, மிளகாய்க்கு விதை போட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பத்தாக அடுக்கி, பாலிதீன் ஷீட்டால் மூடி, வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவோம். உள்ளே சூடு நிற்கும். தக்காளி மூன்று, நாலு நாளில் முளை கட்டும். முளை தெரிந்த அன்றே பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் தண்டு நூல் மாதிரி நீண்டு வெளுத்துப் போகும், பிறகு அதைத் தேற்ற முடியாது.

குழித்தட்டு 98 குழி உள்ளது. ஒரு தட்டுக்கு ஒண்ணேகால் கிலோ போல தென்னை நார்க்கழிவு பிடிக்கும். கழிவை வாங்கும்போது உப்பு நீங்கக் கழுவி மக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். கழுவாததில் முளை விளிம்பு கருகும். நாற்றங்காலைச் சுற்றி 40 அல்லது 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) நைலான் வலை கட்டாயம். வெயில் ஏறுகிற மாசங்களில் வெள்ளை ஈ பெருகும். இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது அதுதான். நாற்றிலேயே அது கடித்துவிட்டால் அந்தச் செடி காய்க்காது, கடைசிவரை தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் கணக்கில் அதைவிடக் கெட்ட செடி இல்லை.

நாற்றின் வயசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தக்காளி 22லிருந்து 25 நாள். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் ஏறக்குறைய அதேதான். கத்தரிக்கு 30, 35 ஆகும். மிளகாய், குடைமிளகாய் 35, 40 கூட ஆகும். வெள்ளரி, பீர்க்கு, பாகல் எல்லாம் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் ஜாதி. இரண்டு இலை விரிந்ததும், 12லிருந்து 15 நாளுக்குள், வேர்க்கட்டி உடையாமல் மண்ணுக்குப் போய்விட வேண்டும். வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி இவற்றுக்கு நாற்றே வேண்டாம், நேர் விதைப்புதான்.

நாற்றுப் பண்ணையில் வாங்குகிறவர்கள் தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். தண்டின் அடியைப் பிடித்து, குழியின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் முழுசாக வழுக்கி வரும். வேர் வெள்ளையாக, நார்க்கழிவை லேசாகக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். வேர் பழுப்பேறி அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது கிழட்டு நாற்று. தண்டு பென்சில் ஈயத்தைவிடச் சற்றுத் தடிப்பாக, கணுவுக்குக் கணு நெருக்கமாக இருக்கட்டும். தட்டிலேயே பூமொட்டு வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2022ல் உழவுக்கு டிராக்டர் கிடைக்காமல் நாள் தள்ளிப்போய், 40 நாள் ஆன தக்காளி நாற்றை நட்டோம். முழங்கால் உயரத்திலேயே பூத்து, நாலு காய் காய்த்து, அதோடு நின்றுவிட்டது. நிலத்தில் எருவடித்து, பாத்தி போட்டு, சொட்டுநீர்க் குழாய் விரித்து, ஒரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே விதையைத் தட்டில் போடுவது என்று அதிலிருந்து வைத்துக்கொண்டோம். நாற்று நமக்காகக் காத்திருக்காது.

நடுவதற்கு நாலு நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை விலக்கி, வெயிலுக்குப் பழக்க வேண்டும். இலை கொஞ்சம் கரும்பச்சை ஏறி, தண்டில் ஊதா ஓடும். அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். நடவு சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். ராத்திரி முழுக்க அதற்கு ஆசுவாசம் கிடைக்கும்.

இனி எதை, எப்போது என்ற விஷயம். எங்கள் வீட்டில் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுவோம். அத்தை பிறந்தது திகளரப்பேட்டை. பெங்களூரின் தோட்டக்காரர்கள் என்றால் திகளர்கள்தான். தமிழ் வேர் கொண்ட குடிகள், இந்த நகரத்துக்குக் காயும் கீரையும் பூவும் கொடுத்து வந்தவர்கள். அவர்களுடைய பெரிய திருவிழா தர்மராயர் கோயில் கரகம், சைத்ர மாசப் பௌர்ணமி ராத்திரி. அத்தைக்குக் கோடைக் காலண்டரே அதுதான். "கரகத்துக்குள்ள வெள்ளரி முடிஞ்சிறணும்" என்பார். காரணம் இருக்கிறது. அதற்கு ஆறு நாள் முன்னால் ராமநவமி. அன்றைக்கு இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பானகம், நீர்மோர், கோசம்பரி கொடுப்பார்கள். பாசிப்பருப்பு ஊறவைத்து வெள்ளரி நறுக்கிப் போட்ட கோசம்பரி. சந்தையில் வெள்ளரிக்கு அந்த வாரம்தான் வாரம். விதை போட்டு 45 நாளில் முதல் காய் வரும் என்றால், ராமநவமியிலிருந்து 50 நாள் பின்னால் எண்ணி அன்றைக்குத் தட்டில் விதை விழ வேண்டும். கரகம் முடிய வெள்ளரிக் கொடியும் ஓய்ந்துவிடும். அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர், சரியாகத் தக்காளி தாகம் எடுக்கும்போது விடுபடும். விலைக்காக வைத்த தேதி தண்ணீருக்கும் பொருந்தி வருகிறது.

தக்காளியில் இன்னும் சிக்கல். சங்கராந்தி கழிந்ததும் எல்லோரும் ஒன்றாக நடுவார்கள், எல்லோருக்கும் ஒன்றாக விளையும். 2023 கோடையில் விலை அடிமாட்டுக்குப் போய்ப் பறித்ததை ரோட்டோரம் கொட்டினார்கள். அதே வருஷம் ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பறந்தது. விலை விழுந்ததால் நட்டவர்கள் குறைந்தார்கள், நட்டதில் வெயிலும் வைரஸும் பாதியைத் தின்றன. ஜூலை விலையை மனசில் வைத்து மொத்தமாகத் தள்ளி நடுவதும் சூதாட்டம்தான். நாங்கள் மூன்று தவணையாகப் பிரித்துவிட்டோம். ஜனவரி 20ல் 400 செடிக்கு விதை, மூன்று வாரம் கழித்து 400, இன்னும் மூன்று வாரம் கழித்து 300. அறுவடை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை நீளும். ஒன்று விலையில் அடிபட்டால் இன்னொன்று தாங்கும். மூன்றாம் தவணைச் செடி சித்திரையில் இன்னும் குட்டிதான், அரை லிட்டர் போதும். ஆனாலும் கணக்கில் 2 லிட்டராகவே வைக்கிறோம். மழை ஏமாற்றினால் அந்த மிச்சம் உதவும்.

ரகத்தில் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போடுகிறோம். இலைச்சுருட்டு, வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். அதே நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை ஒரு காலத்தில் மஞ்சள் நரம்பு நோய்க்குப் பெயர் பெற்ற மருந்து மாதிரி இருந்தது. இப்போது அந்த எதிர்ப்பு தளர்ந்துவிட்டது. எந்த ரகமும் நிரந்தரக் காவல் இல்லை என்பதால் தக்காளியைச் சுற்றி மூன்று வரிசை மக்காச்சோளமும் விதைக்கிறோம். தக்காளி விதை தட்டில் விழுகிற அன்றே சோளம் மண்ணில் விழுந்துவிடும். நடவு நாளில் அது முழங்காலைத் தாண்டியிருக்கும், வெள்ளை ஈக்கு வேலி.

செண்டுமல்லியும் அப்படியே. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது காய்ப்புழுவுக்காக அதே நிறுவனம் சொன்ன முறை. செய்கிறவர்கள் பலரும் இரண்டையும் ஒரே நாளில் விதைத்துவிடுகிறார்கள். நடும்போது செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள், தக்காளிக்கு 25 நாள் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் தக்காளி பூக்கிற அதே சமயம் செண்டுமல்லியும் பூக்கும், தாய்ப்பூச்சி முட்டையிட அங்கே போகும். அதாவது செண்டுமல்லியைப் பதினைந்து நாள் முன்னால் விதைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தைப்பட்டத்தில் முதன்முதலாக மண் தொடுகிற விதை அதுதான், பொங்கலுக்கும் முன்னால், ஜனவரி முதல் வாரத்தில், நாலே நாலு தட்டில். வாளிக்குக் காத்திருக்காத ஒரே விதை அது.

இப்போது அந்த 5,760 லிட்டரைப் பங்கு போடலாம். தக்காளி 1,100 செடி, 2,200 லிட்டர். வெள்ளரி 400 கொடி, தலைக்கு 3 லிட்டர், 1,200. வெண்டை மூன்று குண்டே, குண்டேக்கு 400 லிட்டர் வீதம் இன்னொரு 1,200. கீரை, கொத்தமல்லி இரண்டு குண்டேக்கு 1,000. ஆக 5,600. மிச்சம் 160 மாட்டுக்கும் தொட்டிக்கும். இடமாகப் பார்த்தால் இத்தனைக்கும் பதினாலு குண்டே ஆகாது. 40 குண்டேயில் 26 குண்டே சும்மா கிடக்கும்.

சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்து எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. "தண்ணி இருக்கறப்ப போடாம, அப்புறம் எப்பம்மா போடறது?" என்று கேட்டார் என் கணவரின் சித்தப்பா. அவருக்கு 2024 நடந்தது தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அத்தை அவருக்குப் பதிலாகக் காலண்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். தை 25, மாசி 29, பங்குனி 38, சித்திரை 50. அவர் படித்துவிட்டு, அந்த 26 குண்டேயில் கோடை மழை விழுந்ததும் உழவாவது ஓட்டுங்கள் என்றார். அதைச் செய்கிறோம். ஒரு நல்ல மழைக்குப் பிறகு உழுது போட்டால் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு வெயிலில் காயும், அடுத்த மழை உள்ளே இறங்கும், ஆடியில் ராகியும் அவரையும் போட நிலம் ஆயத்தமாக இருக்கும். ஏப்ரலில் இரண்டு மழை சேர்ந்தாற்போல் வந்தால் ஐந்து குண்டேயில் பீன்ஸ் கூடப் போட்டுப் பார்ப்போம். மழை விழுந்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை.

இதைப் படிக்கிற யாருக்காவது போர்வெல் பக்கத்திலேயே நல்ல ஏரி இருக்கலாம், உங்கள் சித்திரை எண் எங்களுடையதைவிட நன்றாக இருக்கலாம். எண்ணிப் பாருங்கள். வாளியும் செல்போனும் போதும். இந்த வருஷம் எண்ணத் தொடங்கினால் அடுத்த தைக்கு உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். இந்தத் தைக்குத் தாள் இல்லாதவர்கள், போன சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வீட்டில் தண்ணீர் கட்டுகிறவரைக் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.

ஜனவரி 20ல் போட்ட தட்டுகளை நேற்றுப் பிரித்தோம். ஐந்து தட்டு, 490 குழி. 461 முளைத்திருக்கிறது. அத்தை முளைக்காத குழிகளில் மறுபடி விதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 400 போதும், மீதி 61ஐ ராமநவமிச் சந்தைக்கு வருகிற பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. தட்டுகளை வலைக்குள் தூக்கி வைக்கும்போது மேலே மாமரத்தில் பூ கட்டியிருந்தது.